நாற்பத்திரண்டு காப்புகள்

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறை என்பது கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி. அழைக்காமல் இருக்க முடியாது. அழைத்தபின் எங்கே உட்காரவைப்பது என்று யாருக்கும் தெரியாது. சௌபாக்கியவதி அம்மாள் நினைவு மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையைப் பிணவறைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் உட்காரவைத்திருந்தார்கள். துறைத் தலைவர் டாக்டர் பொன்னுரங்கம் பதினெட்டு வருஷம் அந்த அறையில்தான் குப்பை கொட்டினார். இதய நிபுணர்கள் அவரை எதிரில் கண்டால் தலையை லேசாக அசைப்பார்கள். அறுவை சிகிச்சைக்காரர்கள் அதையும் செய்யமாட்டார்கள்.

மாணவர்கள் மட்டும் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். வகுப்பு ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் புத்தகத்தை மூடி, "இது பரீட்சைக்கு வராது, விட்டுடுங்க" என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷக் கேள்வித்தாள்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இப்படிப் பத்துப் பத்து நிமிஷமாகப் படித்து டாக்டரானவர்கள் மாநிலம் முழுக்க இருக்கிறார்கள். நாமும் அவர்களிடம்தான் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம் அந்தச் சட்டம் வந்தது, சித்தப்பாவுக்கு யோகம் அடித்தது.

சட்டம் போட்டவர்கள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. ஒரு கல்லூரி வருஷத்துக்கு நூற்றைம்பது டாக்டர்களை உற்பத்தி செய்கிறது. ஆனால் அதன் காம்பவுண்டு சுவரை ஒட்டிய ஊரில் ஜனங்கள் இருமியே சாகிறார்கள் என்றால், அந்தக் கல்லூரி யாருக்காக இருக்கிறது? இதற்கு முன்பும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள், மாநாடு போட்டு, முந்திரி பக்கோடா சாப்பிட்டுக்கொண்டே. இந்தத் தடவை மணிக்கட்டில் கட்டுகிற ஒரு கருவியோடு கேட்டார்கள்.

கருவி என்ன செய்யும் என்பதை, கல்லூரிச் சுவரை ஒட்டிய கருங்கல்லூரணியில் இருளாண்டிக்கு விளக்கிச் சொன்னவள் ஆன்சி. நாகர்கோவில் பக்கத்துப் பெண். அப்போது முதலாம் ஆண்டு மாணவி. அவளுக்கு ஒதுக்கிய ஐந்து குடும்பங்களில் இருளாண்டி ஒரு குடும்பம். குடும்பம் என்று பெயர்தானே தவிர ஆள் ஒருவர்தான். மனைவி தவறிவிட்டாள், மகள் திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவருக்கு வயது நாற்பத்தொன்று, கிரஷரில் கல் உடைக்கிற வேலை.

"இது உங்க மூச்சு, நாடித்துடிப்பு, ரத்தத்துல ஆக்சிஜன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும் அண்ணே. ஊர்ல எல்லாரோட கணக்கும் சேர்ந்து நூத்துக்கு இவ்வளவுன்னு ஒரு நம்பர் வரும். அதுக்குப் பொறுப்பு எண்ணுன்னு பேரு. அஞ்சு வருஷம் கழிச்சு அது அறுபதுக்குக் கீழ இருந்தா காலேஜுல அட்மிஷனை நிறுத்திருவாங்க. எனக்கும் பட்டம் கிடையாது."

இருளாண்டி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பரீட்சை எழுதறது நீயி. பேப்பர் நானு."

"ஆமாண்ணே."

"கிழிஞ்சிராமப் பாத்துக்க தாயி."

கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. ஊர்க்காரர்கள் அதைக் காப்பு என்றார்கள். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயிலில் மஞ்சள் துணியில் கட்டுவார்களே, அந்தக் காப்பு. அதைக் கட்டியபின் திருவிழா முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. இந்தக் காப்பை அவிழ்க்கிற நாள் மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

முதல் இரண்டு வருஷம் ஊருக்குக் கொண்டாட்டம். டாக்டராகப் போகிற பிள்ளைகளின் குடுமி தங்கள் கையில் இருக்கிறது என்று தெரிந்தபின் யார்தான் சும்மா இருப்பார்கள்? பால்காரர் சுடலை தன் மாணவனைக் கூப்பிட்டு, "தம்பி, எருமையைக் குளிப்பாட்டணும்னு நினைச்சாலே எனக்கு பிரஷர் ஏறுது" என்பார். நீட் தேர்வில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்த அந்தப் பையன் வைக்கோலும் கையுமாகக் கிளம்புவான். ஒரு வீட்டில் மாமியார் மருமகள் சண்டையைத் தீர்த்துவைக்க மூன்று மாணவிகள் முறை போட்டு வந்தார்கள். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, ஊரில் சர்க்கரை நோயும் கொதிப்பும் கட்டுக்குள் வந்தன. பிரசவத்தில் ஒரு சாவு கிடையாது. சட்டம் போட்டவர்கள் தங்கள் முதுகைத் தாங்களே தட்டிக்கொண்டார்கள்.

கட்டுக்குள் வராதது ஒன்றுதான். வடக்குத் தெருவில் நாற்பத்திரண்டு பேரின் நுரையீரல். ஊருக்கு வடக்கே கிரஷர் இருந்தது. கிரஷர் கல்லூரித் தாளாளர் குலசேகரபெருமாளுடையது. கல்லூரிக் கட்டடத்துக்கு ஜல்லி அங்கிருந்துதான் வந்தது. நோயாளிகளும் அங்கிருந்துதான் வந்தார்கள். எருமையைக் குளிப்பாட்டினால் இறங்குகிற சமாச்சாரம் இல்லை அது.

ஐந்தாவது வருஷம், ஆய்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், கருங்கல்லூரணியின் எண் ஐம்பத்தேழு.

தாளாளர் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டனுப்பினார். இப்போதெல்லாம் கூப்பிட்டால் ஏலக்காய் டீ வருகிறது. சட்டம் வந்தபின் சமூக மருத்துவத் துறைக்கு ஏசியும் வந்திருந்தது.

"அந்த நாப்பத்திரண்டு பேர் இல்லேன்னா எண் எவ்வளவு வரும் டாக்டர்?"

"எழுபத்திநாலு சார்."

"அவங்க இங்க இருந்தாத்தானே பிரச்சனை. மச்சினன் காலேஜோட பட்டியல்ல மேலச்சுனைப்பட்டின்னு ஒரு ஊர் இருக்கு. தொண்ணூறு கிலோமீட்டர். அந்தப் பட்டியலுக்கு மாத்திடுவோம். தங்கறதுக்கு ரூமு நான் தர்றேன். பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, ஏறிடுவாங்க."

"அங்க எண் விழுமே சார்."

"அங்க ஆய்வு அடுத்த வருஷம். அதுக்குள்ள சரியாயிடும்."

எப்படிச் சரியாகும் என்று பொன்னுரங்கம் கேட்கவில்லை. அவர் டாக்டர், அவருக்குத் தெரியும். டீயைக் குடித்தார்.

"முகவரி மாற்றப் படிவத்துல துறைத் தலைவர் பரிந்துரைக் கையெழுத்து வேணுமாம்" என்றார் தாளாளர். "டீன் வேற ரிட்டயர் ஆகிறார். அந்த ரூமை ஒருதடவை பாத்துட்டுப் போங்களேன்."

பொன்னுரங்கம் பார்த்துவிட்டுத்தான் போனார். டீன் அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்றிலும் பிணவறை தெரியவில்லை.

அந்தக் காலத்தில் ஆய்வு என்றால் வெளியூர் ஆட்களைப் பஸ்ஸில் அழைத்துவந்து, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, காலிப் படுக்கைகளில் படுக்கவைப்பார்கள். நோய் இல்லாதவனை நோயாளி ஆக்குகிற வித்தை அது. காலம் முன்னேறிவிட்டது. இப்போது நோயாளிகளை ஏற்றி வெளியூருக்கு அனுப்பவேண்டும். பஸ் அதே பஸ்தான்.

நாற்பத்திரண்டு படிவங்களையும் மேஜையில் அடுக்கிப் பொன்னுரங்கம் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது ஆன்சி வந்தாள். இப்போது அவள் பயிற்சி மருத்துவர். இன்னும் பன்னிரண்டு நாளில் டாக்டர் ஆன்சி, அல்லது வெறும் ஆன்சி.

"இருளாண்டி அண்ணன் பேரும் இருக்காமே சார்."

"இருக்கு. உனக்கு நல்லதுதானேம்மா. அவர் போனா உன் லிஸ்ட் சுத்தம்."

"அவர் போனா நான் பாஸ். அதான் சார் பயமா இருக்கு." அவள் படிவ அடுக்கைக் காட்டினாள். "லிஸ்டை விட்டுப் போனா அவருக்கு நம்ம ஆக்சிஜன் மெஷின் கிடையாது. காலேஜ் ஸ்டோருக்குத் திருப்பிடணும். அங்க அடுத்த கல்வியாண்டுலதான் மாணவர் ஒதுக்குவாங்களாம். நடுவுல எட்டு மாசம் அவரை யார் பாப்பாங்க? மெஷின் இல்லாம அவரால எட்டு நாள்கூட ஓட்ட முடியாது சார்."

"பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்மா."

"இருபத்தெட்டு கிலோமீட்டர். நான் மேப்ல பாத்தேன்."

பொன்னுரங்கம் ஒன்பதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்ளத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் மனசு அடித்துக்கொள்வதற்கும் பேனா ஓடுவதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நூற்றைம்பது சீட்டு, முன்னூறு ஊழியர்கள், அத்தனை குடும்பங்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பட்டியலில் டீன் அறையை அவர் சேர்க்கவில்லை.

"சார், நெறிமுறைக் கையேட்டுல இணைப்பு நாலு படிச்சீங்களா?"

"முன்னூத்திப் பன்னெண்டு பக்கம்மா அது. இணைப்பெல்லாம் யார் படிப்பா?"

"முகவரி மாத்தறதைப் பத்தி அதுலதான் சார் போட்டிருக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை..."

"அதெல்லாம் ஆய்வுக்கு வராதும்மா. விட்டுடு."

ஆன்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பத்தாவது படிவத்துக்குப் போய்விட்டார். கையேட்டை அவர் மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அவள் போனாள். அது அங்கேயே கிடந்தது, டீ டம்ளர் வைக்க வசதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பஸ் வந்தது. ஓட்டுநர் இல்லாத புதுமாடல். ஆனாலும் சங்கம் விடாததால் விசில் ஊத ஒரு கண்டக்டர் இருந்தார். மேற்பார்வைக்கு வந்திருந்த பொன்னுரங்கம் பஸ் நிழலில் நின்றார். வடக்குத் தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு, பத்தடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கி, வந்து ஏறினார்கள். கடைசியாக இருளாண்டி. ஐந்து வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். ஆன்சி ஒரு கையில் அவரையும் மறு கையில் பையையும் பிடித்துக்கொண்டு வந்தாள். ஸ்டோர் ஆள் பின்னாலேயே வந்து, அவர் மூக்கிலிருந்த குழாயைக் கழற்றி மெஷினோடு வாங்கிக்கொண்டான். கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் இருளாண்டி. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை நின்றார். "காப்பு கட்டுனவன் ஊர் எல்லையத் தாண்டக் கூடாதும்பாக. நீங்களே கட்டிவிட்டு... நீங்களே தாண்டச் சொல்றீகளே."

"அது சாமிக் காப்புய்யா. இது வேற."

"அப்ப இது சாமிக்குப் பயந்து கட்டுனது இல்ல."

"சயின்ஸ்."

"அதான பாத்தேன்" என்று இருளாண்டி படியில் கால் வைத்தார். பொன்னுரங்கம் தன் காரைத் தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் விசில் ஊதினார்.

ஆய்வு ஜாம் ஜாம் என்று நடந்தது. எண் எழுபத்திநாலு. ஆய்வுக் குழுவுக்குக் கருங்கல்லூரணியைச் சுற்றிக் காட்டினார்கள். வடக்குத் தெரு பூட்டிக் கிடந்தது. வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். கல்லூரி வரவேற்பறையில் ரிப்பன் கட்டி ஒரு கண்காட்சி வைத்திருந்தார்கள்: கிராம மக்களுக்குக் கல்லூரி வழங்கும் கருவிகள். அதில் நடுநாயகமாகத் துடைத்து வைத்திருந்தது இருளாண்டியின் ஆக்சிஜன் மெஷின். குழுத் தலைவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பாராட்டு விழா. அன்று காலை பொன்னுரங்கம் பெயருக்கு அரசாங்க முத்திரையோடு ஒரு பார்சல் வந்தது. உள்ளே வெல்வெட் பெட்டி. பெட்டிக்குள் கைக்கடிகாரம் மாதிரி ஒன்று, பளபளவென்று. கூடவே நாலு பக்கத்தில் கடிதம். முதல் வரியில் ‘தாங்கள் ஏற்றுக்கொண்ட சமூகப் பொறுப்பைப் போற்றும் வகையில்’ என்று இருந்தது. அதை அவர் இரண்டு தடவை படித்தார். பதினெட்டு வருஷம் பிணவறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு விருது. மீதி மூன்றேமுக்கால் பக்கத்தை அவர் படிக்கவில்லை. பாராட்டுக் கடிதத்தில் முதல் வரிக்குமேல் என்ன இருக்கப்போகிறது?

மேடையில் தாளாளரே அதை அவர் கையில் கட்டினார். கூட்டம் கைதட்டியது. கட்டினவுடன் உள்ளே ஏதோ மெல்லப் பூட்டிக்கொண்டது.

நன்றியுரையின் நடுவில் அது அதிர்ந்தது. பொன்னுரங்கம் மணிக்கட்டைப் பார்த்தார். மணி காட்டவில்லை. ஒரு பெயர்ப் பட்டியல் ஓடியது. வேலம்மாள், ஒச்சப்பன், மாயக்காள் என்று வரிசையாக நாற்பத்திரண்டு. எல்லாம் மஞ்சள். உச்சியில் ஒன்று மட்டும் சிவப்பு. இருளாண்டி, ஆக்சிஜன் எண்பத்திரண்டு. கழற்றப் பார்த்தார், வரவில்லை. தாளாளர் குனிந்து பார்த்தார். நாற்பத்திரண்டு என்ற எண் அவருக்கு உடனே புரிந்துவிட்டது, புத்திசாலி மனுஷர்.

"கையெழுத்து உங்களோடதுதானே டாக்டர்" என்று மைக்கில் விழாதபடி சொல்லிவிட்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பொன்னுரங்கம் மேடைக்குப் பின்னால் போய் ஆன்சிக்குப் போன் போட்டார்.

"இணைப்பு நாலுல என்னம்மா போட்டிருக்கு?"

"பக்கம் இருநூத்தித் தொண்ணூறு சார். வாசிக்கவா?" அவள் குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. "‘பட்டியலிலிருந்து ஒருவரை மாற்றப் பரிந்துரைக்கும் ஆசிரியர், அந்த நபரைத் தாமே ஏற்றுக்கொண்டவராகக் கருதப்படுவார். அன்று முதல் அந்த ஆசிரியரின் மருத்துவத் தொழில் பதிவு அந்த நபரின் உடல்நிலையோடு இணைக்கப்படும். கவனிப்பின்மையால் அந்த நபர் இறந்தால் பதிவு ரத்தாகும்.’"

"இப்படி ஒரு விதியை எவன்மா எழுதினான்?"

"தனியார் காலேஜுல வேலை பாத்த வாத்தியார்கள்தான் சார். அவங்களுக்குத் தெரியாதா?"

போனில் அவள் குரலுக்குப் பின்னால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"நீ எங்கம்மா இருக்கே?"

"மேலச்சுனைப்பட்டில. பஸ் போனதுல இருந்து மூணு தடவை வந்துட்டேன். வாடகைக்கு ஒரு சிலிண்டர் புடிச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன், இன்னிக்குக் காலையில தீந்துபோச்சு. வேற சிலிண்டர் ராத்திரிதான் வருமாம். அதுவரைக்கும் தாங்கமாட்டார் சார். மெஷினைக் கொண்டாங்க."

விழாவுக்கு வந்தவர்கள் அன்று ஒரு காட்சி கண்டார்கள். டீன் ஆகப்போகிற மனுஷர் வரவேற்பறைக்கு ஓடி, ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்து, ஆக்சிஜன் மெஷினை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கார் நிறுத்தத்துக்கு ஓடினார். ஸ்டோர் ஆள் கையெழுத்துக் கேட்டுப் பின்னாலேயே ஓடினான். இன்னொரு கையெழுத்துக்குப் பொன்னுரங்கம் தயாராக இல்லை.

கார் தானாக ஓடுகிற கார். எண்பதுக்குமேல் போகாது. "சீக்கிரம் போ" என்றார். சாலைப் பாதுகாப்பு நம் அனைவரின் பொறுப்பு என்றது கார். பொறுப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் காரின் குரலை அணைத்தார். ஆன்சியைப் போனிலேயே வைத்துக்கொண்டார்.

"அவருக்கு எப்ப இருந்தும்மா இப்படி?"

"பத்து வருஷமா மூச்சு வாங்கியிருக்கு. முதல் நாலு வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்துல டிபின்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காங்க. டிபியே இல்ல. கல்தூசு. அப்பவே தெரிஞ்சிருந்தா கிரஷரை விட்டிருப்பார். நாலு வருஷம் மாத்திரையும் முழுங்கிட்டு, தூசியையும் முழுங்கியிருக்கார். நான் வந்தப்புறமும் எனக்கும் ஒரு வருஷம் புரியலை சார். நானும் டிபின்னுதான் நெனச்சேன்."

"டிபின்னு சொன்ன அந்த டாக்டர் யாரு?"

"உங்க ஸ்டூடண்டுதான் சார். மூணாவது பேட்ச்."

கார் எண்பதிலேயே போய்க்கொண்டிருந்தது. மணிக்கட்டில் எண்பத்தொன்று, எழுபத்தொன்பது என்று இறங்கியது. பயமாக இருந்தது. முதல் ஐம்பது கிலோமீட்டருக்குத் தன் பதிவை நினைத்துப் பயந்தார். அப்புறம் போனில் கேட்ட அந்த மூச்சுச் சத்தத்துக்கே பயந்தார். இருபத்தாறு வருஷ டாக்டர் தொழிலில் ஒரு மூச்சை இவ்வளவு நேரம் அவர் கேட்டதில்லை.

மேலச்சுனைப்பட்டியில் தகரக் கூரை போட்ட வரிசை அறைகள். வாசல்தோறும் வடக்குத் தெருக்காரர்கள் குந்தியிருந்தார்கள். கடைசி அறையில் கயிற்றுக் கட்டிலில் இருளாண்டி, முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, உதடு நீலம் பாய உட்கார்ந்திருந்தார். ஆன்சி மெஷினைப் பிடுங்காத குறையாக வாங்கிக் குழாயை மாட்டினாள். இருந்த ஒரே நாற்காலியில் மெஷின் ஏறி உட்கார்ந்துகொண்டது. பொன்னுரங்கம் நின்றார்.

எண்பத்திரண்டு. எண்பத்தைந்து. கால்மணி நேரத்தில் எண்பத்தொன்பது. சிவப்பு மஞ்சளானது.

உயிர் வந்து உட்கார்ந்ததும் இருளாண்டி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "சார், நீங்க இந்தப் புள்ளைக்கே வாத்தியாராமே. இது என்ன வியாதி, எப்படித்தான் போகும், நீங்களாச்சும் வெவரமாச் சொல்லுங்களேன்."

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். கல்தூசு நோய் என்றால் நுரையீரல் இறுகும் என்று தெரியும். அதற்குமேல்? முப்பது வருஷக் கேள்வித்தாள்களை மனசுக்குள் வேகமாகப் புரட்டினார். எதிலும் இல்லை. ஆன்சி பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"நான் நடத்தின நோட்ஸ் இருக்காம்மா?"

அவள் பையிலிருந்து அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து, பக்கம் புரட்டிக் கொடுத்தாள். மேலே தேதி. நடுவில் தலைப்பு, கல்தூசு நுரையீரல் நோய், இரண்டு அடிக்கோட்டோடு. அதன்கீழ் ஒரே வரி. மீதிப் பக்கம் முழுக்க வெறும் கோடுகள்.

இருளாண்டி எட்டாவது வரை படித்தவர். நோட்டைத் தன்பக்கம் இழுத்து, அந்த வரியை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.

"சார் சொன்னது... பரீட்சைக்கு வராது."

அவர் கோபப்படுவார் என்று பொன்னுரங்கம் எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எங்க தெருவுல நாப்பத்திரண்டு பேருக்கு வந்திருக்கே சார்" என்றார் இருளாண்டி, அதிகாரிக்குத் தகவல் சொல்கிற தோரணையில்.

பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தால்தான், வேறு எதனாலும் இல்லை. துடைக்கக் கையைத் தூக்கியபோது மணிக்கட்டில் இருந்தது இருளாண்டியின் கண்ணில் பட்டது. இருளாண்டி தன் காப்பைப் பார்த்தார், டாக்டர் காப்பைப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"சாருக்கும் கட்டிட்டாகளா? எப்ப அவுப்பாகளாம்?"

பொன்னுரங்கம் ஆன்சியைப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு பேரும் இருக்கற வரைக்கும் சார்" என்றாள் அவள்.

"அப்ப எல்லையத் தாண்ட முடியாது" என்று இருளாண்டி கட்டிலடியில் கிடந்த பாயைக் காலால் தள்ளிவிட்டார். "உக்காருங்க."

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆன்சியிடம் பேனா கேட்டு வாங்கினார்.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்லுய்யா."

"பொஞ்சாதி தவறுன மறு வருசம். மொதல்ல மாடிப்படி ஏறும்போதுதான் தெரிஞ்சது." இருளாண்டி மூச்சு வாங்கிக்கொண்டார். "மெதுவாத்தான் சொல்லுவேன். பத்து நிமிசத்துல முடியாது சார்."

வாசலில் நிழல் தட்டியது. வேலம்மாளும் ஒச்சப்பனும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.